நடக்கக் கற்பிக்கும் இயந்திரங்கள்: எதிர்பார்ப்பும் யதார்த்தமும்

பிரேஸிலின் சாவோ பாவ்லோ நகரில் 2014 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் திகதி உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகள் ஆரம்பமான வேளையில், மைதானத்தின் ஓரத்தில் ஒரு சிறு நிகழ்வு இடம்பெற்றது. கால்கள் செயலிழந்த இளைஞர் ஒருவர் தமது உடலைச் சுற்றிப் பொருத்தப்பட்ட உலோகச் சட்டகத்தின் துணையுடன் நின்றவாறு, மூளையின் மின் சைகைகளால் அச்சட்டகத்தை இயக்கிப் பந்தொன்றை உதைத்தார். நரம்பியல் ஆய்வாளர் மிகுவெல் நிக்கொலெலிஸ் தலைமையிலான குழுவினரின் முயற்சி அது. தொலைக்காட்சியில் சில விநாடிகளே காண்பிக்கப்பட்ட போதிலும், அக்காட்சி உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு இரு ஆண்டுகளுக்கு முன்னர், 2012 இல், இத்தகைய சட்டகமொன்றை அணிந்த பிரித்தானியப் பெண்மணி ஒருவர் இலண்டன் மரதன் ஓட்டப் பாதையைப் பல நாட்கள் நடந்து நிறைவு செய்திருந்தார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக் தீபத்தை ஏந்திச் சென்றோரில் ஒருவரும் இயந்திரக் கால்களின் துணையுடனேயே நடந்தார்.

'முடங்கியோர் நடக்கின்றனர்' என்னும் தலைப்புடன் இத்தகைய செய்திகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும், பாரிசவாதத்தால் வீழ்ந்த தந்தையை அல்லது முள்ளந்தண்டில் காயமுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் குடும்பங்களில் ஒரே வினாவே எழுகின்றது. இது எமக்கும் கிடைக்குமா என்பதே அவ்வினா. அதற்கு விடை காண்பதற்கு முன்னர், இவ்வியந்திரங்கள் உண்மையில் எதைச் செய்கின்றன, எதைச் செய்யவில்லை என்பதை விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

புறவன்கூடு என்பது யாது?

நண்டு, இறால், வண்டு போன்ற உயிரினங்களுக்கு உடலைத் தாங்கும் வன்கூடு வெளிப்புறத்தில் அமைந்துள்ளது. இதனைப் புறவன்கூடு என உயிரியல் கூறும். மனிதனின் கை கால்களுக்கு வெளியே ஒரு சட்டகத்தைப் பொருத்தி, மூட்டுகள் அமைந்த இடங்களில் மோட்டார்களை இணைத்து, உணரிகள் மூலம் அசைவை அறிந்து, கணினி ஒன்றினால் கட்டுப்படுத்தினால் அதுவும் ஒரு வகைப் புறவன்கூடே. அணியத்தக்க ரோபோ எனப்படுவது இதுவேயாகும்.

இவ்வெண்ணம் புதியதன்று. நடப்பதற்கும் ஓடுவதற்கும் துணைபுரியும் கருவியொன்றுக்கு ரஷ்யரான நிக்கொலாய் யாகின் 1890 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் பாரம் தூக்குவதற்கென 'ஹார்டிமேன்' என்னும் இராட்சதச் சட்டகத்தை உருவாக்க முற்பட்டது. ஏறத்தாழ 680 கிலோகிராம் எடை கொண்ட அதனை முழுமையாக இயக்கியபோது கட்டுப்பாடின்றி அதிர்ந்தமையால், ஒரு கையை மாத்திரமே ஒழுங்காகச் செயற்படுத்த முடிந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டது.

படையினருக்கோ தொழிலாளருக்கோ அன்றி நோயாளருக்கெனவே இக்கருவியைச் சிந்தித்தவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர், அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் நகரிலிருந்த மிகைலோ பூப்பின் நிறுவகத்தைச் சேர்ந்த மியோமிர் வுக்கோப்ராட்டோவிச் ஆவார். கால்கள் செயலிழந்தோருக்கான புறவன்கூட்டை அவரது குழுவினர் 1970களின் ஆரம்பத்தில் பெல்கிரேட் எலும்பியல் வைத்தியசாலையில் பரீட்சித்தனர். ஆயினும் அக்காலக் கணினிகளும் மின்கலங்களும் பாரம் மிக்கவையாக இருந்தமையால், அவ்வெண்ணம் நடைமுறைக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

மூளை மீளக் கற்கும் விதம்

ரோபோவின் பணியை விளங்கிக்கொள்ள, கை கால்கள் ஏன் செயலிழக்கின்றன என்பதை முதலில் நோக்க வேண்டும். பாரிசவாதத்தில் கையோ காலோ பழுதடைவதில்லை. மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் குருதி தடைப்பட்டோ, குருதிக் குழாய் வெடித்தோ அங்குள்ள நரம்புக்கலங்கள் இறந்துபோவதால், அப்பகுதி இயக்கிவந்த அவயவம் ஆணையின்றி நின்றுவிடுகின்றது. இறந்த கலங்கள் மீள்வதில்லை. ஆனால் அவற்றைச் சூழவுள்ள கலங்கள் புதிய இணைப்புகளை ஏற்படுத்தி, இழந்த பணியின் ஒரு பகுதியைப் பொறுப்பேற்கக்கூடியவை. மூளையின் இந்த நெகிழ்ச்சித் தன்மையே மறுவாழ்வு வைத்தியத்தின் அடித்தளமாகும்.

இந்நெகிழ்ச்சி தானாகவே பயன் தருவதில்லை. 1996 ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ராண்டொல்ஃப் நூடோ குழுவினரின் ஆய்வு இதனைத் தெளிவாக உணர்த்தியது. அணில் குரங்குகளின் மூளையில் கையை இயக்கும் பகுதியில் சிறு சேதம் ஏற்படுத்தப்பட்ட பின்னர், அக்கையைப் பயன்படுத்துவதற்குத் தீவிர பயிற்சி அளிக்கப்பட்டபோது, சேதத்தை ஒட்டியிருந்த பகுதி தனது பணியை இழக்காது தப்பியது. சில குரங்குகளில் அது அயலிடங்களுக்கும் விரிவடைந்தது. பயிற்சியின்றி விடப்பட்ட மூளையில் சேதமுறாத அயற்பகுதியும் கையுடனான தொடர்பை இழந்துவிடுகின்றது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது.

ஆகவே மருந்தின் அளவைப் போன்றே பயிற்சிக்கும் ஓர் அளவு உண்டு. ஓர் அசைவை நூற்றுக்கணக்கான தடவைகள் திரும்பத் திரும்பச் செய்யும்போதே மூளை அதனைக் கற்கின்றது. நடைமுறையோ வேறு விதமாக உள்ளது. வட அமெரிக்க வைத்தியசாலைகளில் பாரிசவாத நோயாளருக்கு வழங்கப்படும் பயிற்சியை அவதானித்து 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, ஓர் அமர்வில் பாதிக்கப்பட்ட கையினால் பயனுள்ள செயலொன்றைச் செய்யும் தடவைகள் சராசரியாக 32 மாத்திரமே. நடைப் பயிற்சியில் வைக்கப்பட்ட அடிகள் சராசரியாக 357. வளம் மிக்க நாடுகளின் நிலையே இதுவாகும்.

இதற்குச் சிகிச்சையாளரின் அசிரத்தை காரணமன்று. நிற்கவே இயலாத ஒருவரைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு காலையும் கையால் தூக்கி முன்வைத்து நடத்துவதற்கு இருவர் அல்லது மூவர் தேவை. சில நிமிடங்களில் நோயாளிக்கு முன்னரே சிகிச்சையாளர் களைப்படைகின்றார். அவரது முதுகும் பாதிப்படைகின்றது. இயந்திரம் இங்கேதான் நுழைகின்றது. அது களைப்பதில்லை.

பலவகை இயந்திரங்கள்

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் உருவாகி 2001 இல் சந்தைக்கு வந்த 'லொக்கோமாட்' இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. நோயாளி பட்டிகளால் மேலிருந்து தாங்கப்பட்டு, நகரும் பட்டியின் மீது நிறுத்தப்படுவார். இடுப்பிலும் முழங்காலிலும் பொருத்தப்பட்ட மோட்டார்கள் அவரது கால்களை இயல்பான நடையின் ஒழுங்கில் அசைக்கும். அரை மணித்தியாலத்தில் ஆயிரம் அடிகளைக் கடப்பது இதன்மூலம் எளிதாகின்றது. இது ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தப்படும் பெரிய இயந்திரமாகும்.

ஜப்பானின் ட்சுக்குபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஷியுகி சங்காய் உருவாக்கிய 'ஹால்' வேறொரு வழியைப் பின்பற்றுகின்றது. ஒருவர் காலை அசைக்க எண்ணும்போது மூளையிலிருந்து தசைக்குச் செல்லும் சைகை, தோலின் மேற்பரப்பிலும் மிக நுண்ணிய மின் மாற்றமாகத் தோன்றும். தசை சுருங்க இயலாதவாறு பலவீனமுற்றிருந்தாலும் அச்சைகையின் எச்சம் அங்கு இருக்கலாம். தோலில் ஒட்டப்பட்ட மின்வாய்கள் அதனை உணர்ந்து மோட்டாரை இயக்க, கால் அசைகின்றது. அசைந்த உணர்வு நரம்பின் வழியே மீண்டும் மூளையைச் சென்றடைகின்றது. எண்ணம், அசைவு, உணர்வு ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே வட்டத்தில் இணைக்கப்படுவதே இதன் சிறப்பாகும். தசை நலிவு உள்ளிட்ட எட்டு அரிய நரம்புத் தசை நோய்களுக்கான வைத்திய சாதனமாக ஜப்பான் அரசு 2015 நவம்பரில் இதனை அங்கீகரித்ததுடன், மறு ஆண்டில் பொதுக் காப்புறுதியிலும் சேர்த்துக்கொண்டது.

கைகளுக்கான கருவிகள் மேலும் சிக்கலானவை. தோள், முழங்கை, முன்னங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவுகளை மாத்திரம் எண்ணினாலே ஏழு தனித்தனி அசைவுகள் உள்ளன. விரல்கள் இதில் அடங்கா. இவ்வேழு அசைவுகளுக்கும் துணைபுரியும் 'சுவெஃபுல்-7' என்னும் மேற்கைப் புறவன்கூட்டை ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கசுவோ கிகுச்சியுடன் இணைந்து உருவாக்கி 2009 இல் வெளியிட்டவர் ஓர் இலங்கையர் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தியாகும். அவரான ருவன் கோபுர, பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இத்துறை ஆய்வுகளைத் தொடர்ந்தார்.

உலோகச் சட்டகத்தைத் தவிர்த்து, துணியாலும் மெல்லிய வடங்களாலும் ஆன மென்னுடைகளும் தோன்றியுள்ளன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கொனர் வோல்ஷ் குழுவினரின் ஆய்விலிருந்து பிறந்த அத்தகைய உடையொன்று, பாரிசவாதத்திற்குப் பின்னர் கணுக்காலை இழுத்து நடப்போருக்கான பயிற்சிக் கருவியாக 2019 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உடல் ஓர் இயந்திரமன்று என்பதே இவற்றை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் பெருஞ்சவாலாகும். கதவின் பிணைச்சல் ஓர் அச்சில் திரும்புகின்றது. முழங்காலோ மடியும்போதே தனது சுழற்சி மையத்தை இடம் மாற்றிக்கொள்கின்றது. சட்டகத்தின் மூட்டு உடலின் மூட்டுடன் சற்றே பொருந்தாது போனாலும் பட்டி தோலை உராயும். உணர்விழந்த காலில் அந்த உராய்வு வலியாகத் தெரியாது. அது புண்ணாகிய பின்னரே கண்ணுக்குத் தெரியும். நீண்டகாலம் நிற்காதிருந்தோரின் கால் எலும்புகள் அடர்த்தியை இழந்திருப்பதால், முறிவு ஏற்படும் ஆபத்தும் உள்ளது. வைத்தியப் பரிசோதனையின்றி எவரும் இவற்றை அணியலாகாது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

களைக்காத இயந்திரம் அதிக பயிற்சியை வழங்குமெனின், நோயாளர் விரைவில் குணமடைய வேண்டுமல்லவா? இங்கேதான் ஆய்வுகள் நம்மை நிதானிக்கச் செய்கின்றன.

பிரித்தானியாவில் 770 பாரிசவாத நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2019 இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு இத்துறையின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும். அதில் பயன்படுத்தப்பட்டது அணியும் சட்டகமன்று, கையைப் பற்றி வழிநடத்தும் ரோபோவாகும். எனினும் அதன் பாடம் இவ்வினம் அனைத்திற்கும் பொருந்துவது. ரோபோவினால் பயிற்சி பெற்றோரின் கைத் திறன், வழமையான சிகிச்சை பெற்றோரை விடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. 2008 இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்றில், ஏற்கனவே ஓரளவு நடக்கக்கூடிய 48 நோயாளரில் ரோபோவின் உதவி பெற்றோரை விடச் சிகிச்சையாளரின் கையுதவி பெற்றோரே நடை வேகத்தில் அதிக முன்னேற்றம் கண்டனர்.

இதற்கான காரணம் சிந்திக்கத்தக்கது. இயந்திரம் முழு வேலையையும் செய்தால், மனித உடல் தனது முயற்சியைக் குறைத்துக்கொள்கின்றது. மாணவனின் வீட்டுப்பாடத்தை ஆசிரியரே எழுதிக் கொடுப்பது போன்றது அது. அசைவது கால், ஆனால் கற்பது எதுவுமில்லை. அனுபவமுள்ள சிகிச்சையாளர், நோயாளி முயன்று தளரும் கணத்தில் மாத்திரமே கைகொடுப்பார், மறுகணம் விட்டுவிடுவார். அந்தக் கைப்பக்குவத்தை இயந்திரத்துக்குக் கற்பிப்பதற்கே, 'தேவையான அளவு மாத்திரம் உதவுதல்' என்னும் கோட்பாட்டின் கீழ் பொறியியலாளர் இன்று முயன்று வருகின்றனர்.

மறுபுறம், நம்பிக்கையளிக்கும் முடிவுகளும் இல்லாமலில்லை. பாரிசவாதத்தின் பின்னரான இயந்திர நடைப் பயிற்சி குறித்து 62 ஆய்வுகளையும் 2,440 நோயாளரையும் உள்ளடக்கி 2020 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, இயன்மருத்துவத்துடன் இயந்திரப் பயிற்சியும் பெற்றோர் பிறர் உதவியின்றி நடக்கும் வாய்ப்பு அதிகமெனக் கண்டது. முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்போரும், அறவே நடக்க இயலாதோருமே இதனால் கூடிய நன்மை அடைகின்றனர்.

இம்முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை எனத் தோன்றினும், சேர்த்து நோக்கினால் ஒரே செய்தியைச் சொல்கின்றன. எவருக்கு, எப்போது, எவற்றுடன் சேர்த்து என்பதே முக்கியம். மிக விரைவும் கூடாது. 2,104 நோயாளரைக் கொண்டு 2015 இல் வெளியான ஆய்வொன்று, பாரிசவாதம் ஏற்பட்டு 24 மணித்தியாலங்களுக்குள் அதிக அளவில் எழுப்பி நடத்துவது நன்மைக்குப் பதிலாகத் தீமையே தரலாம் எனக் காட்டியது. மிகத் தாமதமும் கூடாது. ஓராண்டு படுக்கையில் கிடந்து மூட்டுகள் இறுகிய பின்னர் கொண்டுவரப்படும் நோயாளிக்கு எந்த இயந்திரமும் முதல் மூன்று மாதங்களைத் திருப்பித் தரமாட்டாது.

விலையும் பழுதும்

முண்ணாண் முற்றாகத் துண்டிக்கப்பட்டோரின் நிலை வேறு. மூளையின் ஆணை செல்வதற்கே பாதை இல்லாதபோது பயிற்சியால் கால்கள் மீள்வது அரிது. அவர்களுக்குப் புறவன்கூடு சிகிச்சையன்று. மூக்குக்கண்ணாடியைப் போல, அணிந்திருக்கும் வரை மாத்திரம் பயன்தரும் துணைக்கருவியாகும்.

1997 இல் நேர்ந்த விபத்தொன்றில் கைகளும் கால்களும் செயலிழந்த இஸ்ரேலியப் பொறியியலாளர் அமித் கொஃபர் உருவாக்கிய 'ரீவோக்' இவ்வகையைச் சேர்ந்தது. அதனை அணிவோர் ஊன்றுகோல்களைப் பற்ற வேண்டியிருந்தமையால், உருவாக்கியவரே அதனைப் பயன்படுத்த முடியாது போனது. 2014 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதனை வீட்டுப் பாவனைக்கு அனுமதித்தபோதும், பயிற்சி பெற்ற துணையாளர் ஒருவர் உடனிருக்க வேண்டுமென நிபந்தனை விதித்தது. நின்று பிறரின் கண்களை நேருக்கு நேர் நோக்கும் அனுபவம் விலைமதிப்பற்றது என அணிந்தோர் கூறுவதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அமெரிக்காவில் முண்ணாண் காயமுற்ற 161 முன்னாள் படைவீரரிடம் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வு, வீட்டில் இக்கருவியைப் பெற்றோரின் மனநலமும் உடல்நலமும் சக்கர நாற்காலியை மாத்திரம் பாவித்தோரை விடக் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை எனத் தெரிவித்தது.

விலையோ மலைக்க வைப்பது. இக்கருவிக்கென அமெரிக்க அரசின் முதியோர் காப்புறுதித் திட்டம் 2024 இல் நிர்ணயித்த தொகை 91,032 டொலராகும். வாங்கிய பின்னரும் கவலை தீர்வதில்லை. பத்து ஆண்டுகளாக இதனை அணிந்து நடந்துவந்த முன்னாள் குதிரைப் பந்தய வீரர் ஒருவரின் கருவி 2024 இல் நின்றுபோனது. காரணம், அதனைக் கட்டுப்படுத்தும் கைக்கடிகாரத்தின் மின்கலத்தில் ஏற்பட்ட சிறு கோளாறு. ஐந்து ஆண்டுகளைக் கடந்த கருவியைத் திருத்துவதில்லை என நிறுவனம் முதலில் மறுத்தது. விடயம் ஊடகங்களில் வெளியாகிக் கண்டனம் எழுந்த பின்னரே அது திருத்தப்பட்டது. ஒரு மனிதனின் கால்கள் ஒரு நிறுவனத்தின் உத்தரவாதக் காலத்தில் தங்கியிருக்கும் நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

எமக்கான பாடம்

உற்பத்தியாளரின் நாட்டிலேயே நிலைமை இதுவாயின், கடல் கடந்து உதிரிப்பாகம் வரவேண்டிய நாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உலகில் ஏறத்தாழ 240 கோடிப் பேர் மறுவாழ்வுச் சிகிச்சையால் பயனடையக்கூடிய நிலையில் உள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் தேவையுடையோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோருக்கு அச்சிகிச்சை கிடைப்பதில்லை எனவும் அது சுட்டிக்காட்டுகின்றது. அந்நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் முள்ளந்தண்டில் விட்டுச்சென்ற காயங்களுடன் இன்றும் வாழ்வோர் இருக்கின்றனர். நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் பெருகியுள்ள சூழலில், பாரிசவாதம் எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடும். அது இனமோ மதமோ பார்ப்பதில்லை.

இந்நிலையில் விலையுயர்ந்த இயந்திரமொன்றைக் கொள்வனவு செய்து, நாடா வெட்டித் திறந்து வைப்பது எளிது. அதனை இயக்கப் பயிற்சி பெற்றவர் இடமாற்றலாகிச் சென்ற பின்னர், அது துணி போர்த்தி மூலையில் நிற்பதும் எளிது. இயந்திரத்தின் பயன் அதனருகில் நிற்கும் இயன்மருத்துவரிலேயே தங்கியுள்ளது என்பதை மேற்கண்ட ஆய்வுகள் அனைத்தும் உணர்த்துகின்றன. அமெரிக்காவில் 408 பாரிசவாத நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று, உடலைத் தாங்கி நகரும் பட்டியில் அளிக்கப்பட்ட பயிற்சியை விட, இயன்மருத்துவரின் வழிகாட்டலில் வீட்டிலேயே செய்த பயிற்சி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று எனக் கண்டமை நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஆறுதலான செய்தியாகும். மாவட்ட வைத்தியசாலைகளில் போதிய இயன்மருத்துவர்களும், வீடு தேடிச் செல்லும் சேவையும், நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கான பயிற்சியும் இயந்திரத்துக்கு முன்னர் வரவேண்டியவை.

அதற்காக இயந்திரம் வேண்டாம் என்பது பொருளன்று. எத்தகைய இயந்திரம் என்பதே வினா. 1968 இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் இணைந்து இறப்பரைக் கொண்டு உருவாக்கிய செயற்கைப் பாதம் இதற்கு வழிகாட்டியாகும். மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து நாற்காலியில் அமர்வோருக்கென ஆனவை. ஜெய்ப்பூர் பாதமோ வெறுங்காலுடன் நடக்கவும், வயலில் இறங்கவும், குந்தியிருக்கவும், தரையில் சம்மணமிட்டு அமரவும் இடமளித்தது. உள்ளூரில் கிடைக்கும் பொருளால், உள்ளூர்க் கைவினைஞரால் செய்து திருத்தக்கூடியதாக இருந்தமையாலேயே அது யாழ்ப்பாணம் வரை வந்து வேரூன்றியது.

அணியத்தக்க ரோபோவுக்கும் இதே அளவுகோலையே நாம் பிரயோகிக்க வேண்டும். மணல் ஒழுங்கையில் அது நடக்குமா? கோயில் படியேறவும், தொழுகையில் சிரம் தாழ்த்தவும் அது இடந்தருமா? வெப்பத்திலும் வியர்வையிலும் அதன் பட்டிகள் தோலைப் புண்ணாக்காதிருக்குமா? பழுதுற்றால் நமது தொழில்நுட்பவியலாளர் அதனைத் திறந்து திருத்த முடியுமா? சூரிச்சிலும் பொஸ்டனிலும் இருப்போர் இவ்வினாக்களை எமக்காக எழுப்பமாட்டார்கள். இங்குள்ள பொறியியல் பீடங்களும் மருத்துவ பீடங்களும் ஒன்றிணைந்தே விடை காண வேண்டும். அதற்கான அறிவு நமது பல்கலைக்கழகங்களில் இல்லாமலில்லை. ஆய்வுகூடத்திலிருந்து நோயாளியின் கட்டிலுக்குச் செல்லும் பாதையே அமைக்கப்படாதுள்ளது.

வீட்டில் ஒருவர் பாரிசவாதத்தால் வீழ்ந்தால், எங்கோ உள்ள இயந்திரத்துக்காகக் காத்திருந்து முதல் மூன்று மாதங்களை இழந்துவிடலாகாது. வைத்தியரின் ஆலோசனைப்படி பயிற்சியை உரிய வேளையில் தொடங்குவதும், நாள்தோறும் சலிப்பின்றித் தொடர்வதுமே இன்று நம் கைக்கெட்டிய வைத்தியமாகும். அந்த மூன்று மாதங்களில் நோயாளியின் அருகில் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பதை உறுதி செய்யும் பொறுப்பு அரசினுடையது. அப்பொறுப்பு நிறைவேற்றப்பட்ட இடத்திலேயே இயந்திரத்துக்கும் பயனுள்ள வேலை இருக்கும்.